முகத்துவாரப் பாடும் எங்கள் வீட்டுச் சிப்பியும்

என் நைனா பதினேழு வருஷம் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், துணிக் கிடங்குக்குக் காவல் நின்ற சிப்பாய். பழவேற்காட்டில் அவர்களுடைய வியாபாரம் படுத்து, ஆட்களைக் குறைத்தபோது, பித்தளைப் பொத்தான் வைத்த நீலச் சட்டை ஒன்றையும் பெரிய மீசையையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் பசியாவரத்துக்கே திரும்பி வந்துவிட்டார். அதுவரை பண்டிகைக்குப் பண்டிகை வந்து தலைகாட்டிவிட்டுப் போன மனிதர், இப்போது தினமும் வீட்டில். அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது அப்போதுதான்.

மீன் பிடிக்க எல்லோரும் கோவணத்தோடு ஏரியில் இறங்கினால் நைனா சட்டையோடு இறங்குவார். முதல் நாளே பொத்தானில் வலை மாட்டிக்கொண்டது. அண்ணன் ஒரு பக்கம் இழுக்க, நைனா மறுபக்கம் இழுக்க, உள்ளே இருந்த எறா அத்தனையும் வெளியே போய்விட்டது. கரையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நைனா கோபப்படவில்லை. “சிரிங்கப்பா, சிரிச்சா பசிக்கும், பசிச்சா நாளைக்கு நல்லா வலை இழுப்பீங்க” என்றார். அப்படிப்பட்ட வாய் அவருக்கு. எனக்கும் அதே வாய்தான் என்று அம்மா திட்டுவாள்.

அந்த வாயாலேயே அவர் ஊரில் பெரிய மனிதரானார். தோணி உரசிக்கொண்ட சண்டையா, மாமியார் மருமகள் தகராறா, கூப்பிட்டது நைனாவைத்தான். அந்தச் சமயம் ஊர்த் தலைவரான நாட்டார் கண் மங்கிப்போய், இனி என்னால் முடியாது என்று பொறுப்பை விட்டுவிட்டார். அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காகப் பக்கத்து ஊரான தோணிரேவுக்குப் போயிருந்தாள். ஊர் கூடியது. யார் நாட்டாராக வருவது என்று கேட்டார்கள். எல்லோரும் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “நான் இருக்கேன்” என்றார். ஆகட்டும், ஆகட்டும் என்று கூட்டம் ஒரே குரலில் சொல்லிவிட்டு மளமளவென்று கலைந்துபோனது.

“எதிர்த்து ஒருத்தன் நிக்கல பாத்தியா?” என்று நைனா என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். “பட்டாளத்து ஆளுன்னா அந்த மரியாதை.”

நான்கு நாள் கழித்து அம்மா வந்தாள். சேதியைக் கேட்டதும் கூடையை அப்படியே கீழே போட்டாள்.

“அட பாவி மனுஷா! இன்னா காரியம் பண்ணிக்கினு வந்து நிக்கற?”

பதினேழு வருஷம் வெளியே இருந்த நைனாவுக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ஊரில் ஏரியில் வலை கட்ட வீட்டுக்கு ஓரிடம் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்தப் பாடு என்பதை வருஷத்துக்கு ஒருமுறை குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் அடையாளம் கீறிய சிப்பி ஒன்று. நாட்டார் முதலில் நல்ல பாட்டின் பெயரைச் சொல்லிப் பானைக்குள் கையை விடுவார். வந்த சிப்பி யாருடையதோ அவர்களுக்கு அந்தப் பாடு. எடுக்கிறவன் கை தன் வீட்டைத் தேடக் கூடாது என்று, நாட்டார் வீட்டுச் சிப்பியைப் பானையில் போடுவதே இல்லை. எல்லோருக்கும் எடுத்து முடித்து மிஞ்சுகிற கடைசிப் பாடுதான் அவருக்கு. கடைசிப் பாடு எப்போதும் சேத்துமுனை. அங்கே வலை கட்டினால் பாசியும் நண்டுக் குஞ்சும்தான் வரும்.

“உனக்காவது தெரியாதாடா?” என்று அம்மா அண்ணன் மேல் பாய்ந்தாள்.

“நைனாவுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றான் அவன். பாவம், அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

சுண்டாமல் என்ன செய்யும்? தோணிரேவில் அவனுக்குப் பெண் பேசியிருந்தது. பெண்ணின் தகப்பனார் கறாரான ஆள். “உங்க வீட்டுக்கு நல்ல பாடு விழுந்தா இந்த வருஷமே கல்யாணம். மட்டமான பாடு விழுந்தா என் பொண்ணை வேற எடத்துல குடுத்துடுவேன். பட்டினி கெடக்கவா வளத்தேன்?” என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அண்ணனுக்கோ அந்தப் பெண்ணைத் தவிர உலகத்தில் வேறு பெண்ணே இல்லை.

“விட்டுடுய்யா, வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு” என்று அம்மா கெஞ்சினாள்.

நைனா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “நிக்கறேன்னு சொல்லிட்டு எறங்கிப் போனா அவனுக்குப் பேரு காவக்காரனா?” என்றார் கடைசியில்.

குலுக்கலுக்கு முந்தின நாள் ஊர்ச் சிப்பிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கழுவி வைக்கும் வேலை எனக்கு. எனக்குப் பதினாறு வயது. கைக்கு இருந்த துணிச்சல் புத்திக்கு இல்லை. எங்கள் வீட்டுச் சிப்பியையும் எடுத்துக் கழுவி, பானைக்குள் மற்றவற்றோடு போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஊரே கரையில் கூடியது. பெண்ணின் தகப்பனாரும் வேடிக்கை பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நைனா நீலச் சட்டையில் நிமிர்ந்து நின்று, “முகத்துவாரப் பாடு!” என்று கூவிப் பானைக்குள் கையை விட்டார். அதுதான் இருப்பதிலேயே நல்ல பாடு. வந்த சிப்பியைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“இது என் வூட்டுச் சிப்பி” என்று எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். “எப்படி உள்ள வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

அவ்வளவுதான், கரையே அமளி. திருட்டுப் பயல் என்றான் ஒருவன். சிப்பாய்ப் புத்தியைக் காட்டிவிட்டான் பார் என்றான் இன்னொருவன். நேற்றுவரை நைனாவிடம் வழக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் இப்படிப் பேசினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், “நான்தான் போட்டேன்! எங்க நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது! அண்ணன் கல்யாணத்துக்காகப் போட்டேன்!” என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

சிப்பியில் கை வைத்த வீட்டுக்கு ஒரு வருஷம் பாடே கிடையாது, அதுதான் ஊர்க்கட்டு. அதைச் சொல்ல வேண்டியவர் நாட்டார். நைனா சொன்னார். “என் வூட்டு வலை ஒரு வருஷம் காயட்டும்.” பிறகு அந்தச் சிப்பியை மணலில் வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து, “முகத்துவாரப் பாடு!” என்று கூவினார். குரல் துளிகூட நடுங்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் எழுந்து வந்தார். “சம்மந்தி” என்றார் நைனாவைப் பார்த்து. அந்த ஒரு சொல்லில் அண்ணன் துள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். “தன் வூட்டுக்கே தீர்ப்பு சொல்ற ஆளு நீ, என் பொண்ணுக்கு அநியாயம் நடக்க விடமாட்டே. உன் புள்ள இந்த ஒரு வருஷம் என் வலையில வரட்டும். கல்யாணத்த தைக்கு வச்சிக்கலாம்.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “இந்தப் பொண்ணை மட்டும் பானை கிட்ட விடாதீங்க” என்றார். கரையே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நைனா என்னைத் தன்னோடு நடக்கச் சொன்னார். அடி விழும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்தச் சிப்பிய எடுத்ததும் நான் கொஞ்ச நேரம் பேசாம நின்னேனே, பாத்தியா?”

“பாத்தேன் நைனா.”

“முகத்துவாரப் பாட்டை எடுத்துக்கலாம்னு நெனச்சேன்” என்றார். “உங்க அண்ணன் மூஞ்சி எதுக்க நின்னுக்கினு இருந்துச்சு. நெசமாத்தான் நெனச்சேன்.”

ஊர் கண்ட நாட்டார் வேறு. அன்றைக்கு அந்த மணலில் என்னோடு நடந்தவர் எங்கள் நைனா. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்; வீடு வரும்வரை விடவில்லை.