மூக்கையாவின் இடது பக்கம்

வலக்கையில் சால்டரிங் அயர்ன், இடக்கையில் ஈயக் கம்பி, பல்லிடுக்கில் ஒரு துண்டு சிவப்பு ஒயர். மூக்கையா தன் ஹெட்போனின் இடது பக்கத்துக்குப் புது ஸ்பீக்கர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் மாற்றும் நாலாவது சாமான் அது. முதலில் ஒயர் நுனியில் உள்ள பின், பிறகு ஒயர், பிறகு காதை மூடும் பஞ்சுறை. எதை மாற்றினாலும் இடது பக்கத்துச் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் வந்தது.

வயது அறுபத்தொன்று. சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர் முத்தாலம்மன் திருவிழாவுக்கு இருபத்தாறு வருடமாக அவருடைய ரேடியோ செட்தான். இந்த வருடம் கமிட்டித் தலைவர் அழகர், திண்டுக்கல்லிலிருந்து வேறு செட் பிடிக்கலாமா என்று கேட்க ஆரம்பித்திருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. மூக்கையா ஹெட்போனில் கேட்டுத்தான் சத்தத்தைச் சரிசெய்வார். இடது பக்கம் மந்தமாகக் கேட்கவே, அந்தப் பக்கக் குமிழை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். இடது பாக்ஸ் பெண்கள் உட்காரும் பக்கம் பார்த்து நிற்கும். போன மாதம் ஒரு காதுகுத்தில், பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் செட்டைப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் அழகர். சரியில்லை என்றால் வேறு ஆள். இன்று வியாழன்.

மூக்கையாவுக்குத் தொழிலில் சில பழக்கங்கள் உண்டு. பழுது பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெட்டுக் கிடந்தது என்று கடைசிவரை தெரியாது என்பார். ஹெட்போனை வலம் இடம் மாற்றிப் போடமாட்டார். மாற்றிப் போட்ட இரண்டு வேலையாட்களை அதற்காகவே நிறுத்தியிருக்கிறார். இடது பாக்ஸ் எப்போதும் அவருடைய இடது காதை ஒட்டியே நிற்கும். அதனால் விழா தொடங்கியதும் நல்லெண்ணெயில் நனைத்த பஞ்சை இடது காதில் அடைத்துக்கொள்வார். வலது காது திறந்தே இருக்கும். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

புது ஸ்பீக்கரைத் திண்டுக்கல்லில் அப்துல் லத்தீப் கடையில்தான் வாங்கினார். இருவரும் ஒன்றாக வேலை கற்றவர்கள். லத்தீப் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்றார். மூக்கையா மறுபடி கேட்கச் சொன்னார். லத்தீப் மறுபடி கேட்டார்.

"மாப்ள, இது நல்லாத்தான் இருக்கு. நீ பழைய ஸ்பீக்கர கழட்டித் தூக்கிப் போடணும்னா போடு. ஏங்கிட்ட புதுசு இருக்கு."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் லத்தீப்புக்குக் காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது ஈயம் இறுகியது. ஒயரின் மறுமுனையைச் செட்டில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்; கையை எடுத்தால் நகர்ந்துவிடும். மனைவி சிவனம்மாளைக் கூப்பிட்டு, ஹெட்போனைத் தலையில் மாட்டிவிடச் சொன்னார். அவள் சுண்டைக்காய் நறுக்கிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து மாட்டினாள். பாட்டு ஓடியது. இடது காதில் அதே கம்பளிச் சத்தம்.

புது ஸ்பீக்கரும் போச்சு என்று குனிந்தவர், எப்போதும் இடது தோளில் தொங்கும் ஒயர் வலது தோளில் தொங்குவதைப் பார்த்தார். சிவனம்மாள் மாற்றி மாட்டியிருந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்து, அப்படியே நிறுத்தினார். இடது காதின்மேல் இப்போது இருப்பது ஹெட்போனின் வலது பக்கம். அதைப் பற்றி அவருக்கு ஒரு நாளும் புகார் இருந்ததில்லை. அதுவும் மந்தம். வலது காதின்மேல் இருக்கும் புது ஸ்பீக்கரோ கணீரென்று பாடியது.

பின்னை மாற்றியாயிற்று. ஒயர் மாற்றியாயிற்று. உறை, ஸ்பீக்கர் எல்லாம் மாற்றியாயிற்று. மாற்றாத சாமான் ஒன்றுதான் பாக்கி.

அயர்னை அணைத்தார். ஒயர் பிடிக்கும் மெல்லிய கிடுக்கியை எடுத்து, கண்ணாடி முன்னால் போய் நின்றார். சிவனம்மாள் அதைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நானும் ஆறு மாசமா கூப்பிடுறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்கிறீக. கல்யாணம் ஆகி முப்பது வருசமாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கி."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நர்ஸ் சுகன்யாவிடம் அனுப்பினார். தலையை ஆட்டாதீர்கள் என்று சொல்லி, சுகன்யா ஒரு பஞ்சை எடுத்தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதற்கும் பின்னால் மூன்றாவது ஒன்று, எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கறுத்துப் புளி உருண்டைபோல வந்தது. மூன்றையும் தட்டில் வரிசையாக வைத்தாள்.

"எது எந்தத் திருவிழான்னு ஞாபகம் இருக்காய்யா?"

மூக்கையா யோசித்துப் பார்த்தார். முதலில் வந்தது காதுகுத்து. மற்ற இரண்டும் நிச்சயமில்லை என்றார். இனி காதில் எண்ணெய் விடக் கூடாது, கிடுக்கி, ஊக்கு எதுவும் போகக் கூடாது என்று சுகன்யா சொன்னாள். அதைச் சிவனம்மாளைப் பார்த்துச் சொன்னாள். வெளியே வந்தபோது பஸ் ஸ்டாண்டுச் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து, குமிழ்களைத் தொடாமல் ஹெட்போனை மாட்டிப் பாட்டைப் போட்டார். பல்லவி முடிவதற்குள் கழற்றிவிட்டார். காதுகுத்தில் பாயைச் சுருட்டிய பெண்களை அவர் ஏசியிருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. இடது குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்.

மறுநாள் காலை கோயில் வாசலில் செட் போட்டார். அழகர் ஆண்கள் பக்கம் போய் நின்றார். மூக்கையா அவரைக் கூப்பிட்டு இடது பாக்ஸ் முன்னால் நிற்கச் சொன்னார். தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்களும் தள்ளியே நின்று கேட்டார்கள். பாட்டு முடியும்வரை யாரும் நகரவில்லை. என்ன பழுது என்று அழகர் கேட்டார்.

"செட்டுல ஒண்ணுமில்ல அழகரு. ஏங் காதுல மூணு பஞ்சு."

அழகர் சிரிக்கலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருவிழாவுக்கான வெற்றிலை பாக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சிவனம்மாள் புதுப் பஞ்சை உருட்டி, எண்ணெயில் நனைக்காமல், அதில் ஒரு முழம் சிவப்பு நூலைக் கட்டினாள். நூலின் மறுமுனையை அவருடைய திருவிழாச் சட்டையின் மேல்பொத்தானில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டாள்.