பாய்லருக்குப் பூட்டுப் போடுகிறவன்

அரிசி ஆலை பாய்லர்களைச் சோதிப்பது என் வேலை. வெடித்தால் 'இவன் என்னத்தப் பார்த்தான்' என்பார்கள், வெடிக்காவிட்டால் 'இவன் எதுக்கு வர்றான்' என்பார்கள். சோதனை, தணிக்கை என்று ஊர் ஊராக அலைகிற சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் போய்ப் புலம்புவேன்?

சந்தனம்

சீர்காழிப் பக்கம் ஓர் ஆலை. ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் ஆகியும் அழுத்தம் காட்டுகிற கேஜ் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். முள் எங்கே நிற்கிறதென்று ஒரு மனிதனுக்கும் தெரியாது. பாய்லர் ஓட்டுகிற கலியபெருமாள் பதினெட்டு வருஷமாக அந்தச் சூட்டிலேயே நிற்கிறவர், நல்ல மனிதர். வெடித்தால் முதலில் போகப்போவது அவர்தான். நான் துடைக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு வச்ச பொட்டு சார், தானா உதிரட்டும். எனக்குச் சத்தத்த வச்சே தெரியும்."

குழவிக்கல்

துடைத்துவிட்டுப் பாய்லர் மேலே ஏறினேன், அங்கேதான் பாதுகாப்பு வால்வு. அழுத்தம் மீறினால் தானே திறந்து நீராவியை வெளியே விடவேண்டிய வால்வு அது. அதன் கைப்பிடியில் கம்பி சுற்றி ஓர் அம்மிக் குழவியைத் தொங்கவிட்டிருந்தார்கள், திறக்கவே முடியாதபடி! அடப்பாவிகளா என்று கத்தியே விட்டேன். முதலாளி பதறவில்லை. காபி சொல்லிவிட்டு நிதானமாக விளக்கினார்.

"ஆவி வீணாப் போவுதுங்க. நெல்லு வேக மாட்டேங்குது, அதான் கொஞ்சம் பாரம் வச்சோம்."

அதே வால்வு

அன்றே பாய்லரை நிறுத்திப் பூட்டிச் சீல் வைத்தேன். மூன்றாம் நாள் புது வால்வு மாட்டிவிட்டதாகப் போன் வந்தது. போய்ச் சோதித்தேன், அருமையாகத் திறந்தது. அதில் என் முத்திரையை அடித்துச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பனந்தாள் பக்கம் வேறோர் ஆலையில் அதே வால்வு, அதே முத்திரை. சோதனைக்கு மட்டும் இரவல் போய் வருகிறதாம். நேரே சீர்காழிக்கு வண்டியை விட்டேன். பழைய வால்வு, பழைய குழவிக்கல், கீழே கலியபெருமாள். கட்டியது யார் என்று கேட்டேன். தான்தான் என்றார். உயிர் போய்விடுமே ஐயா என்றேன், அழாத குறையாக. என் கையிலிருந்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ நீங்க பூட்டின மூணு நாளும் எங்க வீட்டுல ஒல வைக்கல சார். இது வெடிக்குமோ வெடிக்காதோ, நீங்க பூட்டினா பசிக்கும்."

பூட்டிவிட்டுத்தான் வந்தேன். ஒருவரை உயிரோடு விட்டுவைத்ததற்கு அந்த ஆலை வாசலில் இன்று வரை எனக்குத் திட்டுதான் கிடைக்கிறது.