திண்டிவனம் டவுன் பஸ்ஸும் அக்கா வைத்த உலையும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்படி நினைத்தது எண்பத்தாறு பங்குனியில். இப்போது நாலுவழிச் சாலை வந்து பஸ்ஸெல்லாம் பறக்கிறதாம். பறக்கட்டும்.

நான் பிறந்து வளர்ந்தது பம்பாய் மாட்டுங்காவில். லோக்கல் ரயில் ஒரு நிமிஷம் தாமதித்தால் பிளாட்பாரமே முணுமுணுக்கும் ஊர். என் அக்கா தனத்தை மட்டும் அப்பா சொந்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். அவள் ஊருக்குத் திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பதினான்கு கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். அவளைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸ் வேலையாகத் திருச்சிக்கு வந்த இடத்தில் ஒரு நாள் மிச்சமாயிற்று. காலை ஒன்பதுக்கு வருகிறேன், இரண்டரை பஸ்ஸில் கிளம்பிவிடுவேன் என்று கார்டு போட்டேன். அன்றிரவே மெட்ராஸிலிருந்து பம்பாய் ரயில். அக்காவோடு ஐந்தரை மணி நேரம் என்பது என் கணக்கு.

ரயிலை விட்டு விழுப்புரத்தில் இறங்கியபோது மணி ஆறு. திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். "இதோ எடுத்துருவோம் சார், ஏறுங்க" என்றார் கண்டக்டர். ஏறினேன். பஸ்ஸை ஏழேகாலுக்குத்தான் எடுத்தார்கள். விக்கிரவாண்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்க, அவர் பின்னாலேயே பாதி பஸ் இறங்கியது. நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அதனால் எனக்கு டீயும் போனது.

திண்டிவனத்தில் எட்டு மணி டவுன் பஸ் எட்டரைக்குத்தான் போயிருக்கிறது. நான் அதற்கும் பிந்திவிட்டேன். அடுத்தது பதினொன்றுக்கு. அதில் ஏறியதும் ஒரு அம்மா கூடையை சீட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். பதினொன்றரை ஆகியும் வண்டி நகரவில்லை.

"ஏங்க, எப்ப எடுப்பீங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"அந்தம்மா மாத்திர வாங்கிக்கினு வரட்டும் சார். வுட்டுட்டுப் போனா சாயங்காலந்தான் பஸ்ஸு அதுக்கு. உங்களுக்கு இன்னா அவசரம்?"

என் அவசரத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அந்த அம்மா வந்த பிறகு மேலே ஏழு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றினார்கள். நான் அக்கா ஊரில் இறங்கியபோது மணி ஒன்று. வெயிலும் பசியும் சேர்ந்து என்னைக் காயப்போட்டிருந்தன.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாடா, இளைச்சிப் போயிட்டியே" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. மாமா அப்போதுதான் கொல்லையில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தார். அக்கா சாவகாசமாக உலை வைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஒன்பது மணிக்கு வர்றேன்னு எழுதினேனே அக்கா, இப்பதான் உலை வைக்கிறியா? நீயும் லோக்கலுக்கு ஓடினவதானே? இந்த ஊர்க்காரங்க மாதிரியே ஆயிட்டியே."

அவள் நிமிரவில்லை. கோபப்படவும் இல்லை.

"பொங்கலுக்கு வர்றேன்னு நாலு வருசம் எழுதின. நாலு வருசமும் சோறாக்கி வெச்சிக்கினு கடைசி பஸ்ஸு வரிக்கும் பாத்துக்கினு இருந்தேன். அதான், இந்தத் தபா உன் மூஞ்சியப் பாத்துட்டு அடுப்பு பத்தவெக்கலாம்னு இருந்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து மாமா சொன்னார். "ஆனா ஒம்பது மணிக்கே ரோட்டாண்ட போயி நின்னுட்டுதான் வந்தா மச்சான். இன்னும் ஒரு வாய் சாப்புடல."

காலையிலிருந்து அந்த ஊரையும் அந்த பஸ்ஸையும் அந்த அம்மாவையும் மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

இரண்டரைக்கு ரோட்டில் ஹார்ன் கேட்டது. அன்று சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே பஸ் அதுதான். சோறு இன்னும் வடிக்கவில்லை. அக்கா கையிலிருந்த கரண்டியோடு என்னைப் பார்த்தாள். போகாதே என்று சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. ஹார்ன் இரண்டு தரம் அடித்துவிட்டு பஸ் போனது. மூன்றேகாலுக்குச் சாப்பிட்டோம், மூன்று பேரும் ஒன்றாக. அன்றிரவு அங்கேயே படுத்தேன். பம்பாய் டிக்கெட் வீண். மறுநாள் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கதவோரம் குந்தி ஊர் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு இடுப்பாக இல்லை. ஆபீஸில் சம்பளமும் பிடித்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். காலையில் விழுப்புரத்திலிருந்து ஏறினால் இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் வெயில் அடிக்கும். டீக்கு நிறுத்தினால் இறங்கிக் குடித்துவிடுங்கள். டவுன் பஸ் நேரத்தை யாரிடமும் கேட்டுப் பயனில்லை, டிரைவர் வந்துவிட்டாரா என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு வருகிற நாளை மட்டும் சொல்லுங்கள், மணியைச் சொல்லாதீர்கள். அந்த மணிக்கு யாரோ வெறும் வயிற்றோடு ரோட்டில் வந்து நிற்பார்கள். போகப்போவது நிச்சயமில்லை என்றால் நாளையும் சொல்லவேண்டாம்.