சோல்பிரிட்டின் பிரசவச் சவாரி

சோல்பிரிட் டாக்சி ஓட்ட வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வட ஸ்வீடனில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சிற்றூரில் அவள் வண்டியில் ஏறாதவர்கள் குறைவு. டயாலிசிஸுக்குப் போகும் கிழவர்கள், பஸ் நின்றுபோன பண்ணைகளிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள், எல்லாமே மாவட்ட நிர்வாகம் ஒப்பந்தத்தில் கொடுக்கும் சவாரிதான். யாரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியதும் அந்தக் கர்வம் போயிற்று.

செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். மூடக் கூடாதென்று ஊரே திரண்டு ஆஸ்பத்திரி வாசலில் முறைபோட்டு உட்கார்ந்து பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை பெற இனிக் கடலோர நகரத்துக்குப் போக வேண்டும். நல்ல நாளில் ஒன்றரை மணி நேரம். பனி கொட்டினால் யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. வேலை போன மருத்துவச்சி ஒருத்தி, தேவாலயக் கூடத்தில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, காரில் பிள்ளை பிறந்தால் என்ன செய்வதென்று வகுப்பெடுத்தாள். சோல்பிரிட்டும் போய்வந்தாள்.

"பாதி வழியில பொறந்தா அந்தக் குட்டிக்கும் சேர்த்து மீட்டர் போடுவியா?" என்று கிண்டலடித்தான் பெட்ரோல் பங்க் ரூனே.

"உன்ன மாதிரி கத்துச்சுன்னா ரெண்டு மடங்கு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து ஊரில் எவளுக்காவது வயிறு தெரிந்தால், பிரசவம் பனிக்காலத்தில் விழுமா என்று இவள் மாதத்தை எண்ணிப் பார்ப்பாள்.

பக்கத்துத் தெரு தின்ட்ராவுக்கு அது முதல் பிரசவம். கணவன் யோவாருக்கு இன்னும் வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை. நாள் நெருங்குமுன் நகரத்தில் அறை எடுத்துத் தங்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எகிறிய மின்சாரக் கட்டணத்துக்கும் வீட்டுக்கடன் வட்டிக்கும் கொடுத்தபின் அறை வாடகைக்கு எங்கே போவது? முதல் பிள்ளை தாமதமாகத்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு மதியம், பனி கண்ணை மறைத்துக் கொட்டுகையில் வலி கண்டது. இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. சோல்பிரிட் வண்டியை எடுத்தாள்.

ஏரிக்கரைச் சாலையில் ஃபோன் வேலை செய்யாது. அங்கே போய்ச் சேர்ந்தபோது பின்சீட்டில் தின்ட்ராவின் முனகல் அலறலாக மாறியிருந்தது. முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அது வாரியடித்த பனியில் சாலையே தெரியவில்லை.

"சோல்பிரிட், தள்ளணும்போல இருக்கு!"

"வேணாம் கண்ணு, வேணாம். ஊதி ஊதி மூச்சு விடு. நான் இருக்கேன்ல!"

சொல்லிவிட்டாளே தவிர, வகுப்பில் கேட்டதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஹாரனை அடித்து, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். லாரி நின்றது. முழங்கால் பனியில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். எட்டிப்பார்த்த இளைஞனுக்கு இவளுடைய முகமே போதுமாக இருந்தது.

"என்னைத் தாண்டாத, முன்னாடி பனி மேடு மேடா கெடக்கு. நான் ஒடச்சிக்கிட்டே போறேன், பின்னாலயே வா," என்றான். "ரேடியோவுல சொல்லிடறேன், எதுக்க வர்றவங்க ஒதுங்கிக்குவாங்க, ஆஸ்பத்திரிக்கும் தகவல் போயிடும்."

இதுவரை தான் சபித்துக்கொண்டு வந்த அந்த லாரியின் சிவப்பு விளக்குகளையே பிடித்துக்கொண்டு ஓட்டினாள். எதிரே வந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஓரம்கட்டி நின்றன. நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. லிஃப்ட் மேலே போவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுதது.

சோல்பிரிட் வண்டிக்குத் திரும்பினாள். பின்சீட்டைத் துடைத்தாள். துடைத்து முடித்தபின்னும் ஊருக்குக் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் நிர்வாகத்துக்கு ஃபோன் போட்டாள். "பிரசவச் சவாரி இனிமே எனக்கு வேணாம்."

"ஒப்பந்தத்துல நோயாளிங்கன்னு பொதுவாத்தான் இருக்கு," என்றது ஒரு பெண் குரல். "பிரிச்செல்லாம் எடுக்க முடியாது."

"பிள்ளத்தாச்சி நோயாளியா?"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "நீ விட்டுட்டா அங்க வேற யாரும் இல்ல," என்றது.

கோடையில் தின்ட்ராவும் யோவாரும் வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். "இன்னொரு பிள்ள வேணும்னு ஆசை, சோல்பிரிட். இங்க இருந்துக்கிட்டு எனக்குத் தைரியம் வரல," என்றாள் தின்ட்ரா. சோல்பிரிட் தடுக்கவில்லை; சாமான் ஏற்றக் கைகொடுத்தாள்.

இலை உதிரத் தொடங்கிய சமயம், பள்ளி ஆசிரியை இல்வா முகமெல்லாம் சிரிப்பாக வண்டியில் ஏறினாள். "மொதல்ல உங்கிட்டதான் சொல்றேன்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

சோல்பிரிட் வாழ்த்துச் சொல்லத்தான் நினைத்தாள். "பிரசவம் எந்த மாசம்?" என்றுதான் வந்தது.