பாறையின் மேல் நிறுத்திய பதிகம்

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசிச் சனிக்கிழமையன்று, கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால் உள்ள ஓர் அருவியின் கீழே இது நடந்தது. இன்று நினைத்தாலும் முதலில் வருவது பயமன்று; ஒரு நீண்ட பெருமூச்சு.

திருக்கோவிலூரில் ஞாயிறுதோறும் சிவன் சந்நிதியில் பதிகம் பாடும் சிறு குழு எங்களுடையது. அப்போது பதினான்கு பேர், பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவன் நான். காட்டுக்குள், அருவியின் எதிரே அமர்ந்து ஒரு நாள் பாடவேண்டும் என்ற ஆசையும் எனக்கே முதலில் தோன்றியது.

திட்டமிடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பங்குனியிலேயே தனியாக மலையேறி இடம் பார்த்து வந்தேன். ஓடையின் நடுவே கல் மண்டபத் தளம்போல ஒரு தட்டைப் பாறை. அதைச் சுற்றிக் கணுக்கால் அளவுத் தண்ணீர். பார்த்தவுடனே இதுதான் இடம் என்று முடிவு செய்துவிட்டேன். கரையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் விலையை மட்டும் கேட்டேன்; ஓடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆளுக்கொரு தடங்கலாகப் பயணம் ஐப்பசிக்குத் தள்ளிப் போயிற்று. நாள் மாறியதே தவிர, திட்டத்தில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. பஞ்சாங்கம் பார்த்து இராகு காலம் தவிர்த்தேன். வனத்துறைச் சோதனைச் சாவடி எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது முதல் புளியோதரைப் பொட்டலங்கள் வரை எல்லாம் குறிப்பேட்டில் இருந்தன. கள்ளக்குறிச்சியில் அமர்த்திய வேனின் ஓட்டுநர் அதை எட்டிப் பார்த்தார்.

“இன்னாங்க ஐயா, டீ குடிக்கக்கூட டைம் போட்டுக்கிறீங்க? வண்டி பஞ்சர் ஆச்சின்னா எந்த லைன்ல எழுதறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ஏட்டை மூடவில்லை.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். தலைக்குமேல் வானம் வெளுத்துக் கிடந்தது. மேற்கே உச்சிகளின்மேல் மட்டும் கருமை. ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடியது. பங்குனியைவிடக் கூடுதல்தான். நீர் நிறைந்திருப்பது நல்ல சகுனம் என்று சொல்லி, கைபிடித்து எல்லோரையும் பாறைக்கு அழைத்துச் சென்றேன். முழங்கால் மடங்காத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். திருநீறு பூசி, கைத்தாளங்களைத் தட்டிப் பாடத் தொடங்கினோம்.

எங்கள் குழுவில் ஒரு மரபு உண்டு. எடுத்த பதிகத்தை நடுவில் விடக்கூடாது. பாடுவோர்க்குப் பலன் சொல்லும் கடைசிப் பாட்டு முடிந்து, எடுத்துக் கொடுத்தவர் கைகூப்பி எழுந்த பிறகே மற்றவர்கள் எழுவார்கள். கோயிலில் ஒருமுறை மின்சாரம் போயும், இருட்டிலேயே பாடி முடித்தோம்.

பதினொரு பாட்டுகளில் எட்டாம் பாட்டில் இருந்தோம். அந்தக் கிழங்கு விற்கும் அம்மாள் கரையிலிருந்து ஏதோ கூப்பிட்டார். பிறகு தண்ணீரில் இறங்கி, பாறையருகே வந்துவிட்டார்.

“எழுந்து வாங்க சாமி. மேல மழ புடிச்சிக்கிச்சு. தண்ணி கலங்கிக்கினு வருது.”

பாடியபடியே, ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கையைக் காட்டினேன். இன்னும் மூன்று பாட்டுகள்தானே என்பது என் கணக்கு.

“பாட்டு கரையிலயும் பாடலாங்க. சருகு வருது பாருங்க.”

பார்த்தேன். காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் செந்நிற நுரையோடு பாறையை உரசிப் போய்க்கொண்டிருந்தன. பதின்மூன்று முகங்களிலும் அச்சம் தெரிந்தது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. நான் எழவில்லையே! நானோ, மரபை முறிக்கும் முதல் ஆள் நானாக இருக்கக்கூடாது என்று ஒன்பதாம் பாட்டை எடுத்தேன்.

அதன் முதல் அடியிலேயே என் மனைவியின் குரல் நின்றது. முப்பது ஆண்டுகளாக என்னோடு பாடியவர்; ஒரு சொல்லையும் விட்டதில்லை. எழுந்து நின்றார்.

“போதும், நிறுத்துங்க. வாத்தியார முதல்ல தூக்குங்க.”

அதன்பின் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கரையிலிருந்து ஓடிவந்த ஓட்டுநரும் அந்த அம்மாளும் ஆசிரியரைத் தூக்கினார்கள். மற்றவர்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிக் கடந்தார்கள். கடைசியாக நான் இறங்கியபோது தண்ணீர் தொடையை எட்டியிருந்தது. கால் வழுக்க, அந்த அம்மாள் திரும்பிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கரையேறித் திரும்பிப் பார்க்கையில், ஓர் ஓசையோடு வெள்ளம் வந்தது. பாறை இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் தாளங்கள் போயின, உயிர்கள் போகவில்லை. பதினான்கு பேரையும் இரண்டுமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “நீங்க கையக் காட்டுனதும், சரி, சாமிக்கு நீச்சல் தெரியும்போலன்னு நெனச்சேன்.”

முதலில் ஆசிரியர்தான் சிரித்தார். அப்புறம் எல்லோரும், அழுவதுபோலவே சிரித்தோம். நான் அந்த அம்மாளை வணங்கி மன்னிப்புக் கேட்டபோது, “மொதல்ல சாப்புடுங்க, ஒடம்பு நடுங்குது” என்று சுடச்சுடக் கிழங்கை இலையில் வைத்துக் கொடுத்தார். அன்று பதிகத்தை முடிக்காமலேயே உண்டோம். வழியெல்லாம் மழை கொட்ட, வேனுக்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியபடி ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போதும் ஞாயிறுதோறும் பாடுகிறேன். நடுவில் யாரேனும் அருகில் வந்தால் நிறுத்தி, என்னவென்று கேட்கிறேன். பெரும்பாலும் செருப்பை எங்கே விடுவது, அர்ச்சனைச் சீட்டு எங்கே கிடைக்கும் என்பவைதாம் கேள்விகள். சிலர் முகம் சுளிக்கிறார்கள், நான் வருந்துவதில்லை. யாரைப் பாடுகிறேனோ அவர் அந்தச் சிறிய இடைவெளியைப் பொறுத்துக்கொள்வார் என்னும் தெளிவை, பதினான்கு உயிர்களையும் பத்திரமாகத் திருப்பித் தந்த அந்த மலைதான் எனக்குக் கொடுத்தது.