பிறந்த பிள்ளைகளின் பெயர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாலை ஐந்தே கால். கல்லூரி முடிந்து எப்போதும் ஏறும் பேருந்து வந்தது. படியில் வேறொருவர் நின்றார். இளைஞர். புதுக் காக்கிச் சட்டை.

"சாமுவேல் அண்ணன் லீவா?" என்று கேட்டேன்.

"நீங்க அவியளுக்குச் சொந்தமா சார்?"

"ஒரே சபை."

அவர் தோள்பையைச் சரிசெய்துகொண்டார். "மத்தியான நடைக்கு வரலை சார். வீட்டுக்குப் போன் போட்டோம். சாப்பிட்டுச் செத்த நேரம் படுக்கேன்னு படுத்தவிய எந்திரிக்கலையாம்." பிறகு, "ஏறுங்க. அவிய தெரு முனையிலயே நிப்பாட்டுதேன்" என்றார்.

ஏறினேன். வழக்கமாக வருகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி அதே கேள்வியைக் கேட்டார்கள். புது நடத்துநர் அதே பதிலைச் சொன்னார். ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் அண்ணன் என் காதில் ஏழெட்டு முறை இறந்துபோனார்.

அந்த வழித்தடத்தில் தினமும் போய்வந்தவர்களுக்கு அவர் கண்டக்டர் சாமுவேல். எங்கள் சபையாருக்கு கேரல் சாமுவேல். டிசம்பர் மாத மாலைகளில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் குழுவை நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகளை வாசித்தவரும் அவர்தான். அவர் குரலில் சுருதி என்று ஒன்று இருந்ததில்லை. நடைமுறைக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. கடைசி இருக்கைக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

குழுவில் நான் கிதார். வீடுகளின் பட்டியல் எழுதும் நோட்டும் என்னிடம் இருந்தது.

*

ஒரு வருடம் மலைப்பக்கம் புதிதாக வந்த தெருவுக்குப் போனோம். நட்சத்திரம் தொங்கிய வீட்டு வாசலில் நின்று டிரம்மை அடித்துப் பாட ஆரம்பித்துவிட்டோம். வெளியே வந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம். உள்ளே தெலுங்கில் யாரையோ கூப்பிட்டார். கிறிஸ்தவ வீடு இல்லை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. பாட்டு பாதியில் நின்றது.

"எங்க பாப்பா கடையில பாத்து ஆசைப்பட்டுச்சு. அதான் மாட்டுனோம். நீங்க பாடுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

பாடினோம். முடிந்ததும் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "பெரிய சாமின்னு சொல்றீங்க. அது ஏன் மாட்டுத் தொழுவத்துல போய்ப் பொறந்துச்சு?"

எனக்கு அப்போது நிறையப் படித்திருக்கிறோம் என்ற நினைப்பு இருந்தது. தொண்டையைச் செருமினேன். அதற்குள் அண்ணன் சொன்னார்: "வேற யாரும் எடம் கொடுக்கலைம்மா. நீங்களா இருந்தா கொடுத்திருப்பிய."

அந்த அம்மா சிரித்தார். எல்லாருக்கும் முறுக்கு வந்தது.

தெருவுக்கு வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலைப் பார்க்காதது என் தவறு. அண்ணன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "விடுய்யா வாத்தியாரே. நட்சத்திரத்தைப் பாத்து அந்தப் பிள்ளையைத் தேடிப் போன சாஸ்திரிகளே மொதல்ல தப்பா அரமனை வாசல்லதான் போய் நின்னாவ. அவியளுக்கு முறுக்காவது கெடச்சுச்சா?" என்றார்.

*

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருடத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். கேரல் குழு அந்த வீட்டுக்குப் போகாது. அந்த வீட்டைக் கடக்கும்போது டிரம்மையும் நிறுத்திவிடுவோம். மரியாதைக்காக. நோட்டில் அந்தப் பெயர்களுக்கு எதிரே நான் 'துக்கம்' என்று எழுதுவேன். எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். ஆறு வருடங்கள் அப்படி எழுதினேன்.

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பரில், எனக்கும் ஜெபாவுக்கும் ஒரு மகள் பிறந்தாள். ஆறு மணி நேரம் இருந்தாள்.

என் அப்பாவும் சித்தப்பாவும் கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் அவளை அடக்கம் செய்தார்கள். ஜெபா மருத்துவமனையில் இருந்தாள். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அதனால் சபைப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். 'அடுத்த வருஷம் ஆண்டவர் தருவார்.' 'ஒண்ணும் நடக்கலைன்னு நெனச்சுக்கோங்க.' எதிர்காலத்தைப் பற்றி எல்லாரிடமும் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை.

டிசம்பரில் நோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். என் பெயருக்கு எதிரே அவர் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்த மாலை. டிரம் நெருங்கிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் ஜெபா சேலை மாற்றி, தலை வாரி, வாசல் கதவருகே நின்றிருந்தாள். இரண்டு வீடு தள்ளி டிரம் நின்றது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் அடிக்குரலில்கூடப் பேசாமல் நடந்து போனார்கள். தெரு முனையில் டிரம் மறுபடி தொடங்கியது.

"நம்ம வீட்டுக்கு வரலையா?" என்றாள்.

"துக்க வீடுல்ல, ஜெபா."

"வருவாகன்னு பால் கூட வாங்கி வச்சிருந்தேன்."

எங்கள் வீட்டைக் கடந்து போய், அடுத்த தெருவில் கிறிஸ்து பிறந்தார்.

*

மறுநாள் காலை அண்ணன் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பை. பேருந்தைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். உட்காரவில்லை.

"டிரம்மை நிப்பாட்டச் சொன்னது நான்தான் தங்கச்சி. நீ வாசல்ல நின்னதைப் பாத்தேன். பாத்தும் போயிட்டேன். வீட்டுல போய்ப் படுத்தா தூக்கம் வரலை."

ஜெபா கேட்டாள்: "எல்லாரும் சாவு சாவுன்னுதான் பேசுதாக. பொறந்தாள்னு ஒருத்தர் சொல்லலை. எம்பிள்ளை பொறக்கவே இல்லையாண்ணே?"

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலியில் அல்ல, தரையில்.

தெரு முனையில் ஹாரன் அடித்தது. அவர் எழவில்லை. மறுபடி அடித்தது. ஒரு நிமிடம் தாமதமானால் ஓட்டுநரிடம் சண்டை போடுகிறவர். மூன்றாவது முறை நீளமாக அடித்தது.

"என்ன பேரு வச்சிருந்தீய?" என்றார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஜெபா என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஐந்தாம் மாதமே தேர்ந்தெடுத்து, பிறகு வாய்விட்டுச் சொல்லாமலே வைத்திருந்த பெயர்.

"எழில்."

"எழில்" என்று அவரும் ஒரு முறை சொன்னார். கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரலில். பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினார்.

தெரு முனையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "ஏ கண்டக்டரே, மாமியா வீட்டுல எலை போட்டாகளா? நாங்க எல்லாம் வேலைக்குப் போக வேண்டாமா?"

"போட்டாவ, போட்டாவ. ஒனக்கும் பொட்டலம் கட்டியிருக்கு, ஏறு!"

ஜெபாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. பால் காய்ச்ச உள்ளே போனாள்.

*

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில், அந்த வருடம் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வாசிப்பது எங்கள் ஆலய வழக்கம். பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். போதகர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஜெபிப்பார்.

நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். பாதியில் எழுந்து போக வசதியான இடம். அண்ணன் பெயர்களை வாசித்தார். ஏழு பிள்ளைகள். ஏழு குடும்பங்கள் முன்னே போய் நின்றன. அவர் தாளை மடிக்கவில்லை.

"எழில். நம்ம ஜெபாவோட மக."

நான் எழவில்லை. ஜெபா எழுந்தாள். நடைபாதையில் தனியாக நடந்து போய், பிள்ளைகளை ஏந்தி நின்ற அம்மாக்களோடு வரிசையில் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பெண்ணின் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் பதறிப்போய் ஜெபாவைப் பார்த்தாள். ஜெபா அந்தக் குழந்தையின் நழுவிய தொப்பியை இழுத்துவிட்டாள்.

போதகர் ஒவ்வொருவராக வந்தார். அவள் முன் நின்றார். வெறுமையாய் இருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே ஜெபத்தைச் சொன்னார். ஒரு சொல் குறையாமல்.

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா சாமுவேலு, நல்ல நாளும் அதுவுமா செத்த பிள்ளை பேரையா வாசிப்பாவ?"

"பொறந்த பிள்ளையளோட பேரைத்தானய்யா வாசிக்கச் சொன்னிய."

"அதுக்கு?"

"இதுவும் பொறந்த பிள்ளைதான்."

பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். பிறகு தன் தேநீரை ஜெபாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

*

ஜனவரியில் ஒரு காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் கூட்டம் குறைவு. அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே மலை பாதிவரை மேகத்தில் இருந்தது. மார்கழி முடியவில்லை, கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

பெயரை வாசிக்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"தோணலாம் இல்லை. பயந்துகிட்டேதான் வாசிச்சேன்." தோள்பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒம் பொண்டாட்டி கேட்ட கேள்விக்கு…" என்று தொடங்கி, தன்னைத் திருத்திக்கொண்டு, "எந் தங்கச்சி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை. அப்பொறம் குடில் கட்டும்போது பாத்தேன். அந்தப் பிள்ளையை வைக்கோல்ல வைக்கோம். அதுவும் சாகப்போற பிள்ளைதான. அது தெரிஞ்சேதான வந்தாரு. தெரிஞ்சும் நாம மணி அடிக்கோம், கேக் வெட்டுதோம். ஏன்? சாவு இருக்கட்டும், அது பொறவு. வந்தாரா இல்லையா? வந்தாரு. அம்புட்டுதான்யா கிறிஸ்துமஸ்."

பேருந்து ஒரு நிறுத்தத்தை நெருங்கியது.

"அடுத்த ஸ்டாப்புல எறங்குனாலும் பிரயாணி பிரயாணிதான்" என்று எழுந்து போனார்.

கடவுள் மனிதரானதைப் பற்றிப் பல்கலைக்கழக நூலகத்தில் நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருக்கிறேன். அவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த நோட்டுகளைப் படிக்கும்போது கடவுள் ஒரு கருத்தாகவே பிறந்துகொண்டிருந்தார். சாகக்கூடிய உடம்போடு, எடை பார்க்கப்பட வேண்டிய ஒரு குழந்தையாக அவர் பிறந்தார் என்பதை நான் நம்பத் தொடங்கியது அந்தப் பேருந்தில். அவர் அப்படிப் பிறந்ததால், பிறப்பு என்பது எவ்வளவு குறுகியதானாலும் வீணில்லை என்றானது. என் மகளின் ஆறு மணி நேரம் கடவுளுக்குத் தெரிந்த நேரம். இதை நான் சந்தேகமே இல்லாமல் எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான நாட்களில் நம்புகிறேன்.

அடுத்த டிசம்பரில் நோட்டு மறுபடி என்னிடம் வந்தது; அவர் அதை வாங்கிப் பார்த்து, நான் 'துக்கம்' என்று எழுதியிருந்த பெயர்களைப் பட்டியலின் முன்னால் மாற்றி எழுதச் சொன்னார். டிரம் இல்லாமல், விளக்கு வைக்கும் நேரத்தில், நாலைந்து பேராக முதலில் அந்த வீடுகளுக்குப் போனோம். சிலர் கதவைத் திறக்கவில்லை. அண்ணன் கோபப்படவில்லை. திறந்த வீடுகளில் ஒரே ஒரு பாட்டு, தணிந்த குரலில். தணிந்த குரல் அவருக்கு வராது. அதனால் அங்கே மட்டும் அவர் பாடாமல் நிற்பார்.

இதைப் படிக்கும் சபையாரே, இது உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டில்தான் அவர் பாடாமல் நின்றிருக்கிறார்.

*

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. கூடத்தில் வெளியூர் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேவதானத்திலிருந்து வந்திருந்த அண்ணியின் அக்கா, மகனை மடியில் வாங்கிக்கொண்டு ஜெபாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஒனக்கு எத்தனை பிள்ளையம்மா? இவன் ஒருத்தன்தானா?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு 'ஒண்ணு' என்று சொல்லிவிடுவேன். பேச்சு அதோடு முடியும் என்பதற்காக. அன்றும் வாயைத் திறந்தேன்.

ஜெபா சொன்னாள்: "ரெண்டு. மூத்தவ எழில். ஆறு மணி நேரம் இருந்தா."

அந்த அம்மா திகைத்தார். பிறகு, "யாரு சாடை?" என்று கேட்டார்.

"இவரு சாடை" என்று ஜெபா என்னைக் காட்டினாள். "நெத்தி மட்டும் எங்கம்மா."

எனக்கு அது தெரியாது. மூன்று வருடங்களில் அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

சாமுவேல் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் என் சாடை.