ஏழு தாடிகள்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் ஃபவாஸின் மகள் ரஃபீனாவுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இப்போது ஒன்றரை வயது. தலை நிறைய முடி இருக்கிறது. பின்னால் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் இன்னும் முளைக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த எண்ணெயெல்லாம் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.

அப்போது அவர்கள் எர்ணாகுளத்துக்கு அக்கரையில், கொச்சங்காடியில், மஜீத் மாமாவின் பழைய கிடங்குக்கு மேலே உள்ள மாடியில் குடியிருந்தார்கள். ஃபவாஸுக்கு ராத்திரி வேலை. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனில் பதில் சொல்லும் உத்தியோகம். மனைவி பர்ஸானா பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். அதனால் பகலில் மூன்று மாதக் குழந்தைக்கு அவன்தான் காவல். குழந்தை தூங்கும் நேரத்தில் அவன் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவான்.

விளையாட்டுப் பொம்மை இல்லை. மேசைமேல் வைத்துப் போர் ஆடுகிற, சுண்டுவிரல் உயரப் பொம்மைகள். வாங்கியதை அப்படியே பூசினால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒன்றின் தலையை வெட்டி இன்னொன்றின் உடலில் ஒட்டுவான். புட்டி என்கிற ஒட்டுமாவை உருட்டித் தொப்பி செய்வான். அந்த மழைக்காலத்தில் அவன் கையில் இருந்தது ஒரு கடற்கொள்ளைக் கூட்டம். கேப்டனோடு ஏழு பேர். ஏழு பேருக்கும் நிஜத் தாடி வேண்டும் என்று பிடிவாதம்.

கயிறு நார் அந்த அளவுக்குத் தடிமன். சணலும் தடிமன். வேறு ஏதாவது கிடைக்குமா என்று பரணைக் குடைந்தபோது ஒரு தகர டப்பா அகப்பட்டது. உள்ளே வெள்ளை நூலால் கட்டிய ஒரு கொத்து முடி. கன்னங்கரேலென்று, பட்டுப்போல இருந்தது. லேசாக வசம்பு சுட்ட வாசனை.

யாரோ பழைய ஓவியன் பிரஷ் கட்டுவதற்காகச் சேர்த்து வைத்த அணில் முடி என்று ஃபவாஸ் முடிவு கட்டினான். வண்ணம் பூசுகிறவன் புத்தி அப்படித்தான் போகும். நூலைக் குப்பையில் போட்டான். முடியை ஏழாகப் பிரித்து ஒட்டினான். ஒரு இழைகூட மிச்சமில்லை. காலி டப்பா புட்டி வைக்க உதவுமென்று மேசையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இந்தப் பொம்மைகளுக்கான போட்டி. கேப்டனை மட்டும் முன்னாலேயே அங்கிருக்கும் நண்பன் அனீஸுக்குக் கூரியரில் அனுப்பினான், போட்டோ எடுக்க. மற்ற ஆறு பேரும் அலமாரியில் நின்றார்கள்.

வியாழக்கிழமை. 2:20. பர்ஸானா போன் செய்தாள்.

"இக்கா, கொச்சு முழிச்சா அந்தக் கத்தி கத்திரியெல்லாம் தொடக் கூடாது, கேட்டோ."

"தொட மாட்டேன். நல்லா உறங்குறா."

உண்மைதான். உத்தரத்தில் கட்டிய தொட்டிலில் ரஃபீனா தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை.

2:45. அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். முதல் பொம்மைக்குத் தாடி இல்லை.

உதிர்ந்திருக்கும் என்று கீழே தேடினான். கிடைக்கவில்லை. தாடையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். பசை இருந்த தடமே இல்லை. பூசிய வண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியதைப் பிய்த்தால் வண்ணமும் சேர்ந்து வரவேண்டும்.

3:05. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்கும்.

3:12. கரண்ட் போனது. அறையில் வசம்பு வாசனை. அவர்கள் வீட்டில் வசம்பே கிடையாது.

கிர்... கிர்...

தொட்டில் ஆடியது. மழைக்காற்று என்று நினைத்தான். ஜன்னலைப் பார்த்தான். காலையில் போட்ட கொக்கி அப்படியே இருந்தது.

3:30. யாரோ முனகுவது போல ஒரு தாலாட்டு. வார்த்தை இல்லை. வெறும் ராகம்.

தொட்டிலிடம் போக எழுந்தான். கண் அலமாரியில் பட்டது.

அலமாரியில் ஆறு மொட்டைத் தாடைகள்.

மேசைமேல் டப்பா... மூடியிருந்தது. அவன் மூடவில்லை.

திறந்தான்.

உள்ளே கறுப்பு முடி. குப்பையில் போட்ட அதே வெள்ளை நூல் சுற்றியிருந்தது. ஆனால் தளர்வாக. கொத்து கொஞ்சம் குறைந்திருந்தது.

ஏழாவது பெங்களூரில் இருக்கிறது...

தாலாட்டு நின்றது.

தொட்டில் நின்றது.

தாடி வெட்டும் சின்னக் கத்திரியை மேசையில் காணவில்லை.

3:52.

க்ளிக்.

தொட்டிலுக்குள்ளிருந்து.

"மோளே!"

எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. ரஃபீனா விழித்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தாள். காலடியில் கத்திரி. பின்னந்தலையில் ஒரு சின்ன வட்டம், மழித்தது போல.

டப்பாவில் இப்போது நூல் இறுகியிருந்தது. கறுப்பு முடிக்கு நடுவே கொஞ்சம் செம்பட்டை. ரஃபீனாவின் முடி செம்பட்டை.

குழந்தையை மார்போடு அணைத்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே மஜீத் மாமாவிடம் ஓடினான். டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இது எங்க கிட்டிச்சு?"

"பரண்ல. இது என்ன முடி, மாமா?"

"உனக்கு முந்தி பீவின்னு ஒரு பொண்ணு அந்த மாடி முறியில குடியிருந்துச்சு. ஏழாம் நாள் கொச்சுக்கு முடி களைஞ்சாங்க. எட்டாம் நாள் கொச்சு போச்சு. முடியோட எடைக்கு வெள்ளி தானம் குடுத்தாச்சு, முடியப் பொதைக்கணும்னு கேட்டோம். அவ தரல. டப்பாவ மடியிலயே வச்சிருந்தா. நாப்பது நாள்ல அவளும் மௌத்தாயிட்டா."

அன்று மாலை பர்ஸானா பெட்டியைக் கட்டிவிட்டாள். எர்ணாகுளத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போனார்கள். ஃபவாஸ் போட்டிக்குப் போகவில்லை. கேப்டனை உடனே திருப்பி அனுப்பச் சொல்லி அனீஸிடம் கெஞ்சினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மஜீத் மாமா பீவியின் கபர் ஓரமாக அந்த டப்பாவைப் புதைத்தார்.

திங்கள் காலை 11:10. எர்ணாகுளத்துக்குக் கூரியர் வந்தது. கேப்டனுக்குத் தாடி இல்லை.

"படச்சோனே! டேப் ஒட்டும்போது தாடி இருந்துச்சுடா, போட்டோ இருக்கு," என்றான் அனீஸ் போனில். போட்டோவில் இருந்தது.

ஃபவாஸுக்கு நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு வந்தது. அவள் பிள்ளையுடையது அவளுக்குப் போய்விட்டது. இனி நம்மை விட்டுவிடுவாள் என்று நினைத்தான்.

அன்று மத்தியானம் பர்ஸானா தொட்டில் துணியை உதறினாள். ஏதோ விழுந்தது. வெள்ளை நூல் கட்டிய ஒரு நுனி முடி.

"இது நம்ம மோளோடது இல்லியே, இக்கா..."

கன்னங்கரேலென்று இருந்தது. அடியில் காய்ந்த பசை. நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, கேப்டனின் கோட்டுக்குப் பூசிய சிவப்பு.

ஃபவாஸ் மஜீத் மாமாவுக்குப் போன் செய்தான். அவர் அப்போதே போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். போட்ட இடத்திலேயே டப்பா இருந்தது. மூடியும் இறுக்கமாக இருந்தது. உள்ளே கறுப்பு முடி அப்படியே கிடந்தது.

செம்பட்டை முடி மட்டும் இல்லை. அதற்கு மாற்றாகத்தான் தன் பிள்ளையின் நுனி முடியைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.